சேம அச்சும் கடையாணியும்: பழைய வண்டில்களுக்கு உதிரிப்பாகம் தேடிய கதை

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து என் பள்ளித்தோழர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். முப்பது ஆண்டுகளின் பின் ஊருக்கு வந்து திரும்பியவர் அவர். பூட்டிக் கிடந்த பாட்டனார் வீட்டின் பின்வளவில், ஓலைக் கொட்டில் ஒன்றினுள், பாட்டனாரின் பாரவண்டில் இன்னும் நிற்பதாகச் சொன்னார். துலா கறையான் அரித்துவிட்டது. ஒரு சில்லில் இரண்டு ஆரக்கால்களைக் காணவில்லை. வட்டை ஒரு பக்கம் உளுத்துக் கொட்டியிருக்கின்றது. இரும்புப் பட்டம் கழன்று சுவரோடு சாய்ந்து கிடக்கின்றது. "விற்கவும் மாட்டேன், விறகாக்கவும் மாட்டேன். இதைத் திருத்த வேண்டும். சாமான் எங்கே எடுக்கலாம்? உனக்குத்தானே ஊர் முழுக்க ஆட்களைத் தெரியும்" என்றார்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவனிடம் இப்படியான கேள்விகள் வருவது வழமை. எவரிடமாவது கேட்டு ஒரு முகவரி கொடுத்துவிடலாம் என்றே எண்ணினேன். மூன்று வாரங்கள் அலைந்த பின்னரே அது அத்தனை எளிதான காரியம் அன்று என்பது புரிந்தது. அந்த அலைச்சலின் போது வாசித்தவற்றையும், கேட்டவற்றையும், நானே மறந்திருந்த சிலவற்றையும் இங்கே தொகுத்து வைக்கின்றேன்.

உமணரின் முன்னெச்சரிக்கை

வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவது இன்று நேற்றுத் தோன்றிய கவலை அன்று. சங்க இலக்கியத்திலேயே அதற்குச் சான்று உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றின் 102 ஆவது பாடலாக இடம்பெற்றிருக்கின்றது. உப்பு வணிகரான உமணர் தங்கள் வண்டிகளில் பெரும் பாரம் ஏற்றுகின்றனர். எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். எந்த இடத்தில் என்ன நேரும் என்பதை யார் அறிவார்? ஆகவே வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சை மேலதிகமாகக் கட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று இளவரசனை ஔவையார் போற்றுகின்றார்.

ஓர் அரசகுமாரனுக்கு உவமையாகச் சிங்கத்தையோ புலியையோ சொல்லாமல், வண்டிக்கு அடியில் சேறு படிந்து தொங்கும் ஒரு மரத்துண்டைச் சொல்வதற்கு அந்தப் புலவருக்கு எவ்வளவு துணிவு இருந்திருக்க வேண்டும்! அதைக் கேட்டிருந்த சபைக்கும், நடுவழியில் அச்சு முறிவது எத்தகைய இடர் என்பது நன்கு தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் உவமை எடுபட்டிராது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் உமணரின் வண்டி இன்னும் விரிவாக வருகின்றது. சில்லின் நடுவே உள்ள குடத்தை அவர் முழவுக்கு ஒப்பிடுகின்றார். வண்டியில் கோழிக்கூடு இருக்கின்றது; சிறிய உரல் ஒன்று தொங்குகின்றது; பிள்ளைக்காரியான பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டிச் செல்கின்றாள். வாழ்க்கை முழுவதையும் ஏற்றிக்கொண்டு நகரும் ஒரு குடும்பத்தின் காட்சி அது. பறம்பு மலையை இழந்த பாரியின் மகளிர், தாம் தங்கியிருந்த ஊரில் உப்பு வண்டிகளின் வரிசையை எண்ணிக்கொண்டு நின்றதாகக் கபிலர் வேதனையோடு பாடுவதும் புறநானூற்றில் உண்டு.

திருவள்ளுவரும் வண்டியின் உறுப்புகளை அறிந்தவரே. மயிலிறகேயாயினும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் அச்சு முறியும் என்றார் ஓரிடத்தில். பெரிய தேருக்கும் சிறிய அச்சாணியே ஆதாரம் என்றார் இன்னோரிடத்தில். அச்சாணியைத்தான் நாம் கடையாணி என்கின்றோம். அச்சின் முனையில் ஒரு துளை. அந்தத் துளையில் விரல் அளவான ஓர் இரும்பு. சில்லு வெளியே கழன்று ஓடாமல் காப்பது அது ஒன்றே. இதனை நான் நூலில் படித்துத் தெரிந்துகொண்டது பின்னர்தான். அதற்கு முன் தெரிந்துகொண்ட விதத்தைப் பிறகு சொல்கின்றேன்.

ஒரு சில்லின் கட்டுமானம்

வண்டில் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் பல வகை உண்டு. நெல், எரு, விறகு, கல் ஏற்றுவது பாரவண்டில். வில்லுத் தகடு பூட்டி ஆட்கள் ஏறிச் செல்வது வில்லு வண்டில். பந்தயத்துக்கு ஓடுவது சவாரி வண்டில். ஒற்றை மாடு பூட்டும் சிறு வண்டிலைத் திருக்கல் என்பர். சிங்களத்திலும் அதற்கு ஏறத்தாழ இதே பெயர்தான். இலங்கையில் வழங்கும் கரத்தை என்ற சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. வகைகள் எத்தனையாயினும் அவற்றின் உயிர் சில்லில்தான் இருக்கின்றது.

மரச்சில்லு மூன்று வகை உறுப்புகளால் ஆனது. நடுவே குடம். அதிலிருந்து வெளியே நீள்வன ஆரக்கால்கள். அவற்றின் நுனிகளை இணைத்து வட்டமாக வருவது வட்டை. பொதுவாக ஒரு வட்டைத் துண்டுக்கு இரண்டு ஆரக்கால் என்பது கணக்கு. ஆகவே 12 ஆரக்கால் உள்ள சில்லுக்கு 6 வட்டைத் துண்டுகள். இவற்றை இணைப்பதற்குப் பசையோ ஆணியோ பயன்படுவதில்லை. துளையும் கழுந்துமாகச் செதுக்கிப் பொருத்துவர். இந்த நிலையில் சில்லைத் தூக்கி நிலத்தில் போட்டால் துண்டு துண்டாகக் கழன்றுவிடும். அதனை இறுக்கிப் பிடிப்பது வெளியே பூட்டும் இரும்புப் பட்டம்.

பட்டம் பூட்டுவதைச் சிறுவயதில் ஒரு திருவிழாப் போலப் பார்த்திருக்கின்றேன். வட்டையின் சுற்றளவை அளந்து, அதனிலும் சற்றுக் குறைவாகப் பட்டத்தைக் கொல்லர் அடித்து எடுப்பார். அளவு எவ்வளவு குறைய வேண்டும் என்பதில்தான் அவருடைய கைத்திறன் இருக்கின்றது. கூடக் குறைத்தால் ஆரக்கால் வளைந்து முறியும். குறைக்காது விட்டால் பிடிப்பு இராது. பின்னர் பட்டத்தை நிலத்தில் கிடத்தித் தென்னம் மட்டையும் எருவறட்டியும் அடுக்கித் தீ மூட்டுவர். இரும்பு சிவந்து விரிந்ததும் மூன்று நான்கு பேர் குறடுகளால் பிடித்துத் தூக்கி வந்து, படுக்கப் போட்டிருக்கும் சில்லின்மேல் இறக்குவர். மரம் பற்றிக்கொண்டு புகையும். உடனே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவர். இரும்பு குளிர்ந்து சுருங்கும்போது சில்லின் மூட்டுகள் ஒவ்வொன்றாக இறுகும் ஓசை கேட்கும்.

கோடையில் மரம் காய்ந்து சுருங்கினால் பட்டம் தளரும். அதனால்தான் வெயில் காலத்தில் வண்டிலைக் குளத்துக்குள் இறக்கிச் சில்லுகளை ஊறவிடும் வழக்கம் இருந்தது. ஊறினாலும் இறுகாத நிலை வந்தால் பட்டத்தைக் கழற்றி, ஒரு துண்டை வெட்டி நீக்கி, மீண்டும் ஒட்டிப் பூட்ட வேண்டும். பழுது என்பது இங்கே எதிர்பாராத விபத்து அன்று. உழவு, விதைப்பு, அறுவடை போல அதுவும் ஆண்டின் ஒரு வேலை.

மரத்தேர்விலும் ஒரு கணக்கு இருந்தது. வளவு வேலியில் நின்ற பூவரசும் வேம்பும், வன்னிக் காட்டிலிருந்து வந்த முதிரையும் பாலையும் விண்ணாங்கும் ஒவ்வோர் உறுப்புக்கு உரியவை எனத் தச்சர் பிரித்து வைத்திருந்தனர். சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் சவண்டலை மரத்தை ஆங்கிலேயர் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தனர். நெகிழ்ந்து கொடுக்கும், ஆனால் எளிதில் முறியாது என்பதால் வண்டிக்கும் படகுக்கும் பெயர்பெற்ற அம்மரம் திருகோணமலையிலிருந்து சென்னைக்கும் கப்பலேறியது.

தெருக்கள் வந்த காலம்

ஆங்கிலேயர் வருவதற்கு முன்னர் இத்தீவின் உட்பகுதிகளில் பொருள்கள் பெரும்பாலும் தலைச்சுமையாகவும், பொதிமாட்டுக் கூட்டங்களாகிய தவளங்கள் மூலமாகவுமே சென்றன. 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் தெரு அமைப்பதில் பெரும் நாட்டம் கொண்டவர். கொழும்பையும் கண்டியையும் இணைத்த தெருவின் மேல்தான் கோப்பிப் பயிர்ச்செய்கை வளர்ந்தது. 1867 இல் கண்டிக்குப் புகையிரதம் போகும்வரை, மலையகத்தின் கோப்பி முழுவதும் மாட்டு வண்டிகளிலேயே கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. நீண்ட மலைவழி அது. சில்லும் அச்சும் முறிவது அன்றாட நிகழ்ச்சி. இலங்கைப் பொருளாதாரத்தின் பெருந்தொழில் ஒன்று சில பதிற்றாண்டுகள் தச்சரையும் கொல்லரையும் நம்பியே இருந்தது எனலாம்.

வடக்கே புகையிரதம் இன்னும் தாமதமாகவே வந்தது. காங்கேசன்துறைப் பக்கத்திலிருந்து 1902 இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது. 1905 இல்தான் தென்பகுதியோடு முழுப்பாதையும் இணைந்தது. அந்த 1905 இன் தொடக்கத்தில், இளம் சிவில் அதிகாரியாக யாழ்ப்பாணத்துக்கு நியமனம் பெற்று வந்தவர் லெனாட் வுல்ஃப். பின்னாளில் 'காட்டிலுள்ள கிராமம்' என நாம் அறியும் நாவலை எழுதியவர். அநுராதபுரத்திலிருந்து வடக்கே வரத் தபால் 'கோச்' இருக்கின்றது என்று சொல்லப்பட்டதாகவும், வந்து பார்த்தால் அது ஒரு பெரிய மாட்டு வண்டியாகவே இருந்ததாகவும், தபால் மூடைகளின் மேல் படுத்துக்கொண்டு வன்னிக் காட்டைக் கடந்ததாகவும் தம் சுயசரிதையில் அவர் எழுதியிருக்கின்றார். அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த உடைமைகளுள் வோல்டேயரின் நூல்கள் 90 தொகுதிகளும் ஒரு நாயும் இருந்தன என்பது இலக்கியக்காரர் அறிந்த செய்தி.

வண்டிக்காரர்களின் வரலாற்றில் இன்னோர் ஆண்டையும் மறக்கலாகாது. 1906 இல் கொழும்பில் ஆயிரக்கணக்கான வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். வண்டியின் மேல் அமர்ந்தபடி ஓட்டக் கூடாது என்ற மாநகரசபை விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டதே காரணம். நகரத்தின் சரக்குப் போக்குவரத்து நின்றுபோக, அதிகாரிகள் இறங்கிவர நேர்ந்தது. இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் தொடக்ககாலப் போராட்டங்களுள் ஒன்றாகக் குமாரி ஜயவர்தன இதனைத் தமது நூலில் பதிவு செய்திருக்கின்றார்.

புகையிரதமும் லொறியும் நெடுந்தூரப் பயணத்தை வண்டிலிடமிருந்து பறித்துக்கொண்டன. ஆயினும் வயலுக்கும் வீட்டுக்கும், தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையிலான தூரம் அதனிடமே எஞ்சியது. என் சிறுவயதில் வண்டிலுக்கு உள்ளூராட்சிச் சபையில் வரி செலுத்தித் தகடு வாங்க வேண்டும். இரவில் அச்சின் கீழே அரிக்கன் லாம்பு தொங்க வேண்டும். சுன்னாகம் சந்தைக்கு விடியற்புறத்தில் வரிசையாகப் போகும் வண்டில்களின் லாம்புகள் தெருவில் ஆடிக்கொண்டு போவதை என் தலைமுறையினர் பலர் கண்டிருப்பர்.

அதன்பின் உழவு இயந்திரங்கள் வந்தன. லாண்ட்மாஸ்டர் என்று நாம் பொதுவாக அழைத்த இருசில்லு உழவு இயந்திரத்தின் பின்னால் பெட்டி பூட்டியதும், வண்டில் கொட்டிலுக்குள் போனது. மரச்சில்லைக் கழற்றிவிட்டுப் பழைய காரின் அச்சையும் இறப்பர் ரயரையும் பூட்டியவர்களும் உண்டு. இழுக்க இலகு, ஓசை இல்லை, தார்த்தெருவும் கெடாது. அது முன்னேற்றம் என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை, 1990 வரை.

தடைக்காலம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்தேவி நின்றது. மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, இரும்பு, பற்றரி என நீண்ட ஒரு பட்டியல் குடாநாட்டுக்குள் வரத் தடைசெய்யப்பட்டது. பெற்றோலில் சில துளி விட்டு இயக்கி மண்ணெண்ணெயில் ஓடிய கார்களையும், கோடு போட்ட பயிற்சிக் கொப்பித் தாளில் அச்சான செய்தித்தாள்களையும் அக்காலத்தவர் மறந்திரார். நான் இளம் நிருபனாக வேலை பழகியது அந்தத் தாள்களில்தான்.

உழவு இயந்திரங்கள் நின்றபோது கொட்டில்களில் கிடந்த வண்டில்கள் வெளியே வந்தன. அப்போது தெரிந்த உண்மை ஒன்று உண்டு. இறப்பர் ரயருக்கு மாறிய வண்டில்கள் சில மாதங்களிலேயே நின்றுபோயின. ரியூப் இல்லை, ஒட்டும் பசை இல்லை, உருளைகள் இல்லை. கைவிடப்பட்ட மரச்சில்லு வண்டில்களோ ஓடின. அவற்றுக்கு வேண்டிய மரம் வேலியில் நின்றது; திருத்தத் தெரிந்தவர் அடுத்த தெருவில் இருந்தார். துறைமுகத்தை நம்பியிருந்த பொருளுக்கும் ஊரை நம்பியிருந்த பொருளுக்கும் இடையிலான வேறுபாட்டை எந்தப் பொருளியல் நூலும் எனக்கு இத்தனை தெளிவாகக் கற்பித்ததில்லை.

இரும்பு மட்டும் ஊரில் விளைவதில்லையே! எங்கள் வண்டிலின் பட்டம் தேய்ந்து, 1993 இல் ஒருநாள் அறுந்தது. தந்தையாரும் நானும் சில்லை உருட்டிக்கொண்டு அயலூர்க் கொல்லர் ஒருவரின் பட்டறைக்குப் போனோம். எழுபது வயதைத் தாண்டியவர். முற்றத்தில் லொறி வில்லுத் தகடுகள், உடைந்த கலப்பைகள், கிணற்றுக் கப்பிகள் எனப் பழைய இரும்பு குவிந்து கிடந்தது. புதுப் பட்டத்துக்கு இரும்பு இல்லை என்றார். பின்னர் அவரே ஒரு வழி சொன்னார். வெவ்வேறு ஊர்களில் செத்துப்போன இரண்டு வண்டில்களின் பட்டங்களில் நல்ல பாதிகளை வெட்டி, சிரட்டைக்கரி உலையில் காய்ச்சி ஒன்றாக அடித்து ஒட்டினார். குடத்தின் உள்ளே அச்சு உராயும் இடத்தில் இருக்கும் இரும்புக் குழல் தேய்ந்து, சில்லு ஆட்டங் கண்டிருந்தது. அதற்குக் குண்டுவீச்சில் இடிந்த வீடொன்றின் தண்ணீர்க்குழாயில் ஒரு துண்டு பயன்பட்டது. கிறீசுக்குப் பதிலாக வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசினோம். கூலியாக ஒரு மூடை நெல் கொடுத்தோம்.

இரண்டு நாள் அவரருகே துருத்தி ஊதியபோது அவர் சொன்ன ஒன்று என் மனதை விட்டு அகலவில்லை. "தம்பி, உங்களுக்கு இப்பதான் எங்கடை வேலை தேவைப்படுகுது. நல்ல காலத்திலை இந்தப் பட்டறை வாசலுக்கு ஒருத்தரும் வரேல்லை. அதுக்கு முந்தின காலத்திலை நாங்கள் உங்கடை வீட்டு வாசலுக்கு வரேலாது" என்றார். தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார். அறுவடைக் காலத்தில் களத்தில் நின்று நெல்லைக் கூலியாகப் பெற்ற தச்சரும் கொல்லரும் எத்தகைய கட்டுகளுக்குள் வைக்கப்பட்டிருந்தனர் என்பதை, வண்டிலின் பெருமை பேசும் நாம் வசதியாக மறந்துவிடுகின்றோம். அவருடைய பிள்ளைகள் எவரும் அத்தொழிலைக் கற்கவில்லை. அவர் கற்பிக்க விரும்பவும் இல்லை. அதில் குறைகாணும் உரிமை நமக்கு இல்லை.

ஒக்டோபர் 30

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அதுபற்றிப் பலரும் எழுதிவிட்டனர். நான் சொல்ல வந்தது ஒரு கடையாணியைப் பற்றி மட்டுமே.

எங்கள் வண்டிலில் நடக்கமுடியாத அப்பாச்சி, இரண்டு மூடை நெல், பாத்திரங்கள், அயல்வீட்டுக் கைக்குழந்தை ஒன்றும் அதன் தாயும். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. செம்மணி வெளியைக் கடந்து நாவற்குழிப் பாலத்தை நெருங்கும்போது, தந்தையார் மாடுகளைச் சட்டென நிறுத்தினார். கடையாணி அச்சில் தட்டும் ஓசை கேட்கவில்லை என்றார். அந்தச் சன சமுத்திரத்தின் இரைச்சலில் அவருக்கு அது எப்படிப் புலப்பட்டதோ! குனிந்து பார்த்தேன். ஆணி எங்கோ விழுந்துவிட்டது. சில்லு இரண்டு அங்குலம் வெளியே வந்திருந்தது. இன்னும் பத்து அடி போயிருந்தால் கழன்று, வண்டில் அந்தக் கூட்டத்தின் மேலேயே சரிந்திருக்கும்.

பின்னால் வந்த வண்டிலில் ஒரு முதியவர். நாங்கள் நின்றதைக் கண்டதும் இறங்கி வந்தார். என்ன என்று கேட்கவும் இல்லை. கையால் அச்சைத் தடவிப் பார்த்தார். திரும்பிப் போய்த் தமது வண்டிலின் அடியில் சாக்குத் துணியில் சுற்றிக் கட்டியிருந்த ஒன்றை அவிழ்த்து வந்து தந்தையாரிடம் நீட்டினார். "இந்தாங்கோ, இது கணக்கா இருக்கும். கெதியாப் பூட்டுங்கோ, பின்னாலை சனம் வருகுது" என்றார். பூட்டினோம். இருட்டில் அவருடைய முகம் சரியாகத் தெரியவில்லை. பாலத்தில் நெரிசல் அதிகமாகி, மறுகரையில் அவரைத் தவறவிட்டோம். ஊரையோ பெயரையோ கேட்கவில்லை.

பல ஆண்டுகளின் பின், ஒரு கட்டுரைக்காகப் புறநானூற்றைப் புரட்டியபோது சேம அச்சுப் பாடல் கண்ணில் பட்டது. நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் எழுதாமல் இருந்தேன்.

1996 ஏப்ரலில் திரும்பி வந்தோம். மாடுகளில் ஒன்று கொடிகாமத்தில் இறந்துவிட்டது. வண்டிலை இரவல் மாடு பூட்டிக் கொண்டுவந்து சேர்த்தோம். அதன்பின் அது அதிகம் ஓடவில்லை. வன்னியில் மக்களோடு கிழக்கு நோக்கி இழுபட்டுப் போன வண்டில்களின் கதை இதனிலும் கொடியது. 2009 இன் பின் அப்பக்கம் செய்தி சேகரிக்கப் போனபோது, தெருவோரப் பற்றைகளுக்குள் எரிந்த வாகனங்களோடு, மரம் கருகிப் பட்டம் மட்டும் எஞ்சிய சில்லுகளையும் கண்டேன்.

இன்றைய தேடல்

இனி நண்பரின் கேள்விக்கு வருகின்றேன்.

முதலில் அந்தப் பழைய கொல்லரின் ஊருக்குப் போனேன். அவர் காலமாகி நெடுநாளாகிவிட்டது. பட்டறை இருந்த இடத்தில் பேரன் இரும்பு வாயிற்கதவு ஒட்டும் கடை நடத்துகின்றார். பாட்டனாரின் துருத்தி வீட்டில் இருக்கின்றதாம், இயக்கத் தெரியாதாம். தச்சுப் பட்டறைகள் பலவற்றில் கேட்டேன். கதவு, யன்னல், கட்டில் செய்வர்; குடம் கடைவதற்கு எவரும் முன்வரவில்லை. தென்பகுதியில் நெடுந்தெருவோரங்களில் பழம்பொருள் விற்போரிடம் மரச்சில்லுகள் ஏராளமாக உண்டு. விடுதிகளின் முற்றத்தை அலங்கரிக்கவும், மேசைக்குக் காலாகவும் அவற்றை வாங்கிப் போகின்றனர். மெருகு பூசிய அச்சில்லுகளைத் தட்டிப் பார்த்தேன். பல உள்ளே உக்கிப்போனவை, பாரம் தாங்கா.

கடைசியில் வழி காட்டியவர்கள் சவாரிக்காரர்கள்தாம். போருக்குப் பின் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மாட்டுவண்டிச் சவாரி மீண்டும் நடைபெறத் தொடங்கியதால், சவாரி வண்டில் செய்வோர் சிலர் தொழிலில் நிலைத்திருக்கின்றனர். வன்னியில் அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தேன். நாற்பது வயதுதான் இருக்கும். சவாரிச் சில்லு பாரமற்றது. பாரவண்டிலின் சில்லு வேறு கணக்கு. எனினும் பழைய சில்லு ஒன்றை முழுதாகப் பிரித்துப் பார்த்துத் தாமாகவே அளவுகளைக் கற்றுக்கொண்டிருக்கின்றார். "மரம்தான் ஐயா கரைச்சல். காட்டு மரம் ஏத்த அனுமதிப்பத்திரம் வேணும். வளவு வேம்பு, பூவரசு எண்டால் செய்து தரலாம்" என்றார். 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்ற நாள்களில் நான்கைந்து பேர் பாரவண்டில் கேட்டு வந்ததாகவும், எரிபொருள் வந்ததும் அவர்களைக் காணவில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவரிடம் கேட்டறிந்தவற்றை நண்பருக்காகவும், இதே எண்ணம் உள்ள மற்றவர்களுக்காகவும் சொல்கின்றேன். முதலில் குடத்தைப் பாருங்கள். குடம் வெடிக்காமல் இருந்தால் சில்லைக் காப்பாற்றலாம். ஆரக்காலும் வட்டையும் புதிதாகச் செய்யக்கூடியவை; குடம் அரிது. கழன்ற பட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தேய்ந்திருந்தாலும் வெட்டிச் சுருக்கிப் பூட்டலாம். அச்சும் அதற்குரிய குழலும் ஒன்றோடொன்று தேய்ந்து பழகியவை. ஒன்றை மாற்றினால் மற்றதையும் பார்க்க வேண்டும். உளுத்த மரத்தின் மேல் வர்ணம் பூசி மறைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கி இன்னும் விரைவாக உக்கும். சில்லுகளை மண்ணில் நிற்கவிடாமல் அச்சுக்குக் கீழே கல் கொடுத்து உயர்த்தி வையுங்கள். பிரித்தெடுக்கும் முன் ஒவ்வோர் உறுப்பையும் படம் எடுத்து, எந்த ஆரக்கால் எந்தத் துளைக்கு உரியது என்று இலக்கமிட்டு வையுங்கள். கையால் செய்தவை ஆதலால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

இவ்வளவையும் சொன்ன பின் நண்பர் தொலைபேசியில் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, செலவைப் பற்றிக் கேட்காமல், அந்த வன்னித் தச்சரின் பெயரைக் கேட்டார். திருத்தி முடிந்ததும் அவருடைய பெயரை வண்டிலின் ஆசனப்பலகையில் பொறிக்க வேண்டும் என்றார். தம் பாட்டனாரின் வண்டிலை முதலில் செய்தவர் யார் என்று வீட்டில் எவருக்கும் தெரியாதாம். உடைமைக்காரரின் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் துலாவில் வெட்டப்பட்டிருக்கின்றனவாம். வேலை வரும் தை மாதம் தொடங்குகின்றது.

எங்கள் வண்டில் இப்போது இல்லை. அந்த முதியவர் தந்த கடையாணி மட்டும் என் மேசை இலாச்சிக்குள் இருக்கின்றது. ஒரு சாண் நீளம், தலைப்பக்கம் சற்று வளைந்திருக்கும், கொல்லரின் சுத்தியல் பட்ட அடையாளம் இன்னும் தெரிகின்றது. 1995 ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலத்துக்கு இப்பால், வண்டிலின் அடியில் சாக்குத் துணியில் சுற்றி மேலதிகமாக ஓர் ஆணி கட்டி வைத்திருந்த ஒருவரைப் பற்றி உங்கள் குடும்பத்தில் எவராவது பேசக் கேட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். அவர் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்காவது இருப்பர். உரியவர்களிடம் அதனைச் சேர்ப்பிக்க விரும்புகின்றேன்.